காடு தெரிகிறது, குடி எங்கே?

அந்தி வானம். அதன் நிறம் முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு அசையாது கிடக்கும் ஏரி. அக்கரையில் குன்றுகள். இக்கரையில், பாறையின் மேல், தனித்து நிற்கும் பைன் மரம் ஒன்று. கிளைகள் தாழ்ந்து தொங்குகின்றன, மரம் தாழவில்லை!

டாம் தாம்சன் என்னும் ஓவியர் 1916-17இல் தீட்டிய ‘ஜாக் பைன்’ என்ற ஓவியம் இது. கனடா நாட்டின் தலைநகராகிய ஆட்டவாவில், தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. கனடா என்றால் எது என்று கேட்டால், அந்நாட்டார் பலரும் இத்தகைய படத்தைத்தான் எடுத்துக் காட்டுவர்.

தாம்சன் 1917இல் மறைந்தார். அவருடைய தோழர்கள் 1920இல் டொரண்டோ நகரில் ‘எழுவர் குழு’ என ஒன்று கூடினர். ஐரோப்பியத் தூரிகைக்கு அடிமையாக இருந்தது போதும், நம் மண்ணை நம் கண்ணால் காண்போம் என்று காட்டுக்குள் புகுந்தனர். அத்துணிவை நாம் போற்றுகிறோம். அக்குழுவைச் சேர்ந்த லாரன் ஹாரிஸ் 1926இல் வரைந்த சுப்பீரியர் ஏரிக்கரை ஓவியத்தைப் பாருங்கள். பட்டுப்போன அடிமரம் ஒன்று. அதன்மீது பாயும் ஒளி வெள்ளம். அச்சுப் படியில் பார்க்கும் நமக்கே கண் கூசுகிறது!

எழில் உண்டு. ஆற்றல் உண்டு. ஆனால் தோழர்களே, அந்தப் படங்களில் இல்லாதது ஒன்று உண்டு. மனிதன் இல்லை!

“இயற்கைக் காட்சிக்கு ஆள் எதற்கு? மலரை வரைந்தவனிடம் மாலை கட்டுபவன் எங்கே என்று கேட்பதா?” என்று நண்பர் ஒருவர் நம்மிடம் வாதிட்டார். மலர் ஓவியத்துக்கு அந்த வாதம் பொருந்தும். ஆனால் ஒரு நாடே எழுந்து நின்று, ‘இந்த ஓவியம்தான் நான்’ என்று சொல்லும்போது, படத்தில் இல்லாததும் பேசத் தொடங்குகிறது. ஆளில்லா நிலம் என்றால் உரியவன் இல்லாத நிலம். உரியவன் இல்லாத நிலம் என்றால் வந்தவனுக்குச் சொந்தமான நிலம்! தாம்சன் சுற்றித் திரிந்து வரைந்த காட்டுக்கு அல்கான்குவின் பூங்கா என்று பெயர். அல்கான்குவின் என்பது ஒரு பழங்குடியின் பெயர். பெயர் பூங்காவில் இருக்கிறது. பெயருக்கு உரியவர் படத்தில் இல்லை. எழுவருள் சிலர் ஒரு சில வேளைகளில் பழங்குடிச் சிற்றூர்களை வரைந்ததுண்டு. எனினும் நாட்டின் நெஞ்சில் பதிந்தவை ஆளற்ற படங்களே.

அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்? போகவில்லை; போக்கப்பட்டார்கள்!

எழுவர் குழு தோன்றிய அதே 1920ஆம் ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. ஏழு முதல் பதினைந்து வயது வரையுள்ள பழங்குடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பும் வகையில் கனடா அரசு சட்டத்தைத் திருத்தியது. கட்டாயக் கல்விதானே, நல்லதல்லவா என்று எண்ணாதீர். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து, தொலைவில் உள்ள விடுதிப் பள்ளியில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்து, அவனை அவனல்லாதவனாக ஆக்கும் ‘கல்வி’ அது. நடத்தியவை பெரும்பாலும் கிறித்தவத் திருச்சபைகள். பணம் கொடுத்தது அரசு. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்பள்ளிகளுக்குள் தள்ளப்பட்டனர். கடைசிப் பள்ளி 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டது. உண்மை அறியும் ஆணையம் 2015இல் தன் அறிக்கையில் இதைப் ‘பண்பாட்டு இனப்படுகொலை’ என்றே குறித்தது.

அந்தத் திருத்தத்தை முன்னின்று கொண்டுவந்த உயர் அதிகாரி யார்? டங்கன் கேம்பல் ஸ்காட். கனடாவின் புகழ்பெற்ற கவிஞர்களுள் ஒருவர்! பழங்குடியினரைப் பற்றி இரக்கம் சொட்டப் பாடியவர். பாட்டில் கண்ணீர், கோப்பில் கையெழுத்து! கலையுள்ளம் இருந்தால் கருணையும் தானே வரும் என்று நம்புகிறவர்கள் இந்தக் கவிஞரைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

மேற்குக் கடற்கரைப் பழங்குடியினரிடையே ‘பாட்லாட்ச்’ என்றொரு பெருவிழா உண்டு. முகமூடி அணிந்து ஆடுவர். ஆனால் ஆட்டம் மட்டுமன்று அது. திருமணம், பிறங்கடை உரிமை, பெயர் சூட்டல் எல்லாம் ஊரறிய உறுதியாகும் மன்றம். விழா எடுக்கும் தலைவன் தன் பொருளை வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்குவான். எவ்வளவு சேர்த்தான் என்பதன்று, எவ்வளவு கொடுத்தான் என்பதே அவன் பெருமைக்கு அளவுகோல். இவ்விழாவைக் கனடா அரசு 1885இல் சட்டத்தால் தடை செய்தது. 1951 வரை அத்தடை நீடித்தது. 1921இல் ஒரு தீவில் மறைவாக நடந்த விழாவுக்காகப் பலர்மீது வழக்கு. முகமூடிகளை ஒப்படைத்தால் தண்டனை தளரும் என்றனர். ஒப்படைக்க மறுத்தவர்கள் சிறை சென்றனர்.

இங்கே நம் இளைஞர் ஒருவர் எழுந்து, “முகமூடி ஆட்டம் ஒழிந்தால் பகுத்தறிவாளருக்கு என்ன வருத்தம்?” என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒழிக்க வந்தது அறிவா? ஒரு கையில் சிலுவையும் மறு கையில் சட்டமும் ஏந்தி வந்த ஆதிக்கம் அது. முகமூடியைப் பறித்த கை அங்கே அறிவியல் நூலை வைக்கவில்லை. வேறொரு சடங்கை வைத்தது. தீயது என்று பறித்தார்களே, தீயிலிட்டார்களா? இல்லை! அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள், விலைக்கும் விற்றார்கள். அணிந்து ஆடினால் குற்றம். அலமாரியில் வைத்தால் கலை! ஒருவன் தன் நம்பிக்கையைத் தன் அறிவால் ஆராய்ந்து உதறுவது விடுதலை. அடுத்தவன் அதனைத் தடியால் பறிப்பது கொள்ளை. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது பகுத்தறிவாகாது. பறிபோனவற்றுள் பலவற்றை அம்மக்கள் போராடி மீட்டு, அவற்றுக்கென 1980இல் அலர்ட் பே என்னும் ஊரில் தாங்களே ஒரு கூடம் அமைத்தனர்.

இனி இக்காலக் கலைக்கு வருவோம். படத்திலிருந்து விரட்டப்பட்டவர்கள் படத்துக்குள் திரும்பி வருகிறார்கள்; இன்றைய கனடியக் கலையில் நம்மை ஈர்த்தது இதுவே.

கென்ட் மாங்க்மன் க்ரீ பழங்குடியைச் சேர்ந்த ஓவியர். 1965இல் பிறந்தவர். அவருடைய ‘அலறல்’ என்னும் பெரிய ஓவியம் 2017இல் வெளிவந்தது. ஒரு வீட்டின் முன்புறம். செஞ்சட்டைக் காவலர்கள், கறுப்பங்கிப் பாதிரிமார்கள், கன்னிமார்கள் எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளைப் பறிக்கிறார்கள். தாய்மார் பாய்ந்து தடுக்கிறார்கள். மன்னர்களின் வெற்றிகளையும் மறைநூற் காட்சிகளையும் பெரிதுபடுத்திக் காட்ட ஐரோப்பா வளர்த்த அதே ஓவிய முறையை, அதே அளவை, அதே வண்ணப் பகட்டை எடுத்துக்கொண்டு, ஒரு தாயின் அலறலுக்கு அதைச் சூட்டியிருக்கிறார். எதிரியின் படைக்கலத்தை வாங்கி எதிரியை நோக்கித் திருப்பும் கலை! குறையும் உண்டு. நையாண்டியில் அவருக்கு எல்லை தெரிவதில்லை. 2020இல் அவர் வெளியிட்ட ஓர் ஓவியத்தைப் பழங்குடிப் பெண்களே கண்டித்தனர். அவரும் மன்னிப்புக் கோரினார்.

மாங்க்மன் முழங்குகிறார் என்றால், ஆனி பூட்டூகுக் மெல்லப் பேசினார். வடகோடியில் கின்கைட் என்னும் இனுயிட் ஊர் அவருடையது. அவ்வூர்க் கூட்டுறவுச் சங்கத்தின் அச்சோவியங்கள் 1959 முதல் உலகெங்கும் விலைபோகின்றன. தெற்கே வாங்குபவர்களுக்கு வேண்டியவை ஆந்தை, பனிக்கரடி, ஈட்டி ஏந்திய வேடன். பூட்டூகுக் வரைந்தவை எவை? அடுப்பங்கரை. தொலைக்காட்சிப் பெட்டி. தரையில் அமர்ந்து உண்ணும் குடும்பம். மனைவியை அடிக்க ஓங்கும் ஆண். வண்ணப் பென்சிலும் தாளும்தான் கருவி; கூச்சலில்லை, கண்ணீரில்லை, நடந்ததை நடந்தபடி காட்டும் நேர்மை மட்டும் உண்டு. பழம்பெருமை கேட்ட சந்தைக்கு முன்னால் தன் வீட்டின் உண்மையை வைத்த பெண் அவர். தன் இனத்து ஆணின் கொடுமையை மறைக்கவும் அவர் உடன்படவில்லை. 2006இல் சோபி விருது பெற்றார். அதனைப் பெற்ற முதல் இனுயிட் கலைஞர் அவரே. பின்னர் ஆட்டவாத் தெருக்களில் வறுமையில் உழன்றார். 2016இல், நாற்பத்தேழு வயதில், அந்நகரத்து ஆற்றில் பிணமாகக் கிடந்தார். ஓவியத்துக்குச் சுவர் கொடுத்த நாடு ஓவியருக்குக் கூரை கொடுக்கவில்லை!

மூன்றாமவர் இசைவாணர் ஜெரமி டட்சர். வொலாஸ்டொகி என்னும் பழங்குடியினர். அம்மொழியைச் சரளமாகப் பேசுவோர் இன்று ஏறத்தாழ நூறு பேரே! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் ஒருவர் மெழுகு உருளைகளில் பதிந்து சென்ற முன்னோர் பாடல்கள் அருங்காட்சியகத்தில் உறங்கிக் கிடந்தன. அவற்றைத் தேடிச் சென்று கேட்டு, எழுதி, பியானோவுடன் பாடி, 2018இல் இசைத்தட்டாக வெளியிட்டார். அவ்வாண்டே நாட்டின் பெருமைக்குரிய போலாரிஸ் இசைப் பரிசைப் பெற்றார். 2024இல் மீண்டும் பெற்றார். இருமுறை பெற்ற முதல் கலைஞர் அவரே. மெழுகின் இரைச்சலுக்குள்ளிருந்து முதியவர் குரல் எழ, பேரன் குரல் அதனோடு சேரும் இடங்களில் நாம் மெய்ம்மறந்தோம். சில இடங்களில் மேனாட்டு இசையின் ஆடம்பரம் அந்த எளிய பாடலை அமுக்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் மொழி அழிந்தால் என்ன அழியும் என்று நூறு சொற்பொழிவு உணர்த்தாததை அந்த இசை உணர்த்திவிடுகிறது.

நமக்கு ஓர் ஐயம் உண்டு. முன்பு முகமூடிகளைப் பூட்டி வைத்தவை போன்ற கூடங்களே இன்று இக்கலைஞர்களை வரவேற்கின்றன. படத்தை மாட்டியதால் பாவம் தீர்ந்தது என்று அவை எண்ணினால், இது புதுவகைப் பரிகாரச் சடங்கே தவிர வேறன்று. நிலமும் நீதியும் கொடுக்காமல் பரிசு மட்டும் கொடுத்தால் போதுமா? பூட்டூகுக்கின் வாழ்வு அதற்கு விடை சொல்லிவிட்டது.

நாம் ஆசிரியர். வகுப்பறையில் உலகப் படத்தை விரித்து, கனடா என்றால் கோதுமை, மேப்பிள் இலை, நயாகரா என்று ஒப்பித்தவர்தாம். ஆளற்ற கனடாவைத்தான் நாமும் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். அந்த வெட்கத்திலிருந்தே இக்கட்டுரை பிறந்தது. ஈழத்தில் 1983க்குப் பின் எரிந்த தீயிலிருந்து தப்பிய தமிழர் பெருந்தொகையினர் இன்று அந்த மண்ணில் வாழ்கின்றனர். நிலமிழந்த துயர் அறிந்த அவர்களுக்கு, தாம் நிற்கும் நிலம் யாருடையது என்று கேட்கும் கடமை மற்றவரைக் காட்டிலும் மிகுதி.

‘ஜாக் பைன்’ ஓவியத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை நாம். அழகாகத்தான் இருக்கிறது, இன்னொரு முறையும் பார்ப்போம். ஆனால் பார்க்கும்போது கேட்போம்: இங்கே மீன் பிடித்தவர் யார்? இந்தப் பாறைக்கு முதலில் பெயர் வைத்தவர் யார்? அவரைப் படத்திலிருந்து எடுத்தவர் யார்? கனடாவின் ஓவியத்தை மட்டுமன்று, தோழர்களே, எந்நாட்டு ஓவியத்தையும் காவியத்தையும் கோபுரத்தையும் கண்டாலும் முதலில் இதனைக் கேட்டுப் பழகுங்கள்.