விடையில் மறையும் ஐயம்: உனாமுனோவின் குறுநாவலை முன்வைத்து

ஐயம் எப்போதும் மறுப்பாக வெளிப்படுவதில்லை. நம்பிக்கையோடு ஒருவர் தொடுக்கும் வினாவுக்கு மற்றவர் விடையளிக்கும் முறையிலேயே பல வேளைகளில் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஸ்பானிய அறிஞர் மிகுவேல் தே உனாமுனோ (1864–1936) 1931-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘வேதசாட்சி புனித மனுவேல் புவேனோ’ என்னும் குறுநாவல் இவ்வுண்மையை நுட்பமாக எடுத்துரைக்கிறது.

ஏரியும் மலையும் சூழ்ந்த சிற்றூர் ஒன்றின் பங்குத் தந்தை மனுவேல். ஏழைகளுக்கு உதவி, மரணத் தறுவாயில் இருப்போருக்குத் துணைநின்று வாழும் அவரை மக்கள் புனிதராகவே போற்றுகின்றனர். ஆயினும் ஆலயத்தில் அனைவரும் ஒருமித்து விசுவாசப் பிரமாணம் ஓதுகையில், உடலின் உயிர்த்தெழுதலையும் நித்திய வாழ்வையும் அறிக்கையிடும் இடத்தில் அவர் மௌனமாகிவிடுகிறார். மக்களின் பேரொலி அம்மௌனத்தை மூடிவிடுகிறது.

கதை சொல்லும் ஆங்கெலா என்னும் இளம்பெண், நரகம் உண்டா என வினவுகிறாள். உண்டென்றோ இல்லையென்றோ கூறாமல், அது அவளுக்கு இல்லை என ஆறுதல் சொல்லி அவர் விலகுகிறார். பின்னொரு நாள் மறுமையை நம்புகிறீரா என்று நேராகவே கேட்கிறாள். அவர் விம்மி அழுகிறார். பாவமன்னிப்பு வழங்க வேண்டியவர் அவளிடமே மன்னிப்பை வேண்டி நிற்கிறார். வேதசாட்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், நமது ‘ஷஹீத்’ என்னும் சொல்லும் சாட்சி என்ற பொருளிலிருந்தே கிளைத்தவை. சாட்சி சொல்ல இயலாத ஒருவருக்கு அப்பெயரைச் சூட்டியதில்தான் உனாமுனோவின் துயரம் தோய்ந்த முரண் அடங்கியுள்ளது.

இதனைக் கிறித்தவத்திற்கு எதிரான ஆயுதமாகக் கையாள்வது நீதியன்று. ஒரு பாதிரியாரின் அகப் போராட்டம் ஒரு சமயத்தின் வாக்குமூலம் ஆகாது. ஆங்கெலாவும் இறுதியில், தான் நம்புகிறேனா என்று தன்னையே வினவிக்கொள்கிறாள்.

நம் பார்வையில் மனுவேலின் குறை அவர் ஐயுற்றதன்று. மக்கள் உண்மையைத் தாங்கமாட்டார்கள் என்று அவர்களுக்காகத் தாமே முடிவுசெய்ததாகும். உனாமுனோவும் ஊராருக்குத் தனிக்குரல் எதையும் பெரிதாக வழங்கவில்லை. அவர்கள் கூட்டொலியாகவே நிற்கின்றனர். நூலின் பலவீனம் இதுவே.

இறந்தோரை எவ்வாறு உயிர்ப்பிக்கிறாய் என இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் இறைவனிடமே கேட்டார்கள். மனுவேலின் நா எழாத அதே பொருள் பற்றிய வினாதான் அது. ஆனால் அது உள்ளம் அமைதி பெறுவதற்காக ஒளிவின்றிக் கேட்கப்பட்டது. இமாம் கஸ்ஸாலி அவர்களும் தம்மைச் சுமார் இரு மாதங்கள் ஆட்கொண்ட ஐயத்தை ‘அல்முன்கிது மினள் ளலால்’ நூலில் மறையாது பதிவுசெய்தார்கள்.

எனவே இந்நூல் நம்மையும் நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது. மதரஸாவில் மாணவன் ஒருவன் மறுமை குறித்துக் கேட்கும்போது, நாம் அவனுக்கு விடை தருகிறோமா, அல்லது அவன் வாயை அடைத்துவிட்டு அதனையே ஈமானின் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்கிறோமா?