ஜாய்ஸ்டிக்கின் சுழிப்பிழை

திருகு அளவியால் கம்பியின் தடிமனை அளக்குமுன் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று பொருத்தி, சுழிக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் அது சுழிப்பிழை. பிழை இருப்பது குற்றமன்று. எவ்வளவு என்று குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவீட்டிலும் கூட்டியோ கழித்தோ விடுகிறோம். இந்த ஒழுக்கத்தைப் பள்ளி மாணவரிடம் வற்புறுத்தும் நாம், வீட்டில் இருக்கும் ஓர் அளவுகருவியிடம் மட்டும் வற்புறுத்துவதில்லை. கணிப்பொறி விளையாட்டுக்கான ஜாய்ஸ்டிக் என்னும் கைப்பிடியைச் சொல்கிறேன். விளையாட்டுச் சாமானைப் போய் அளவுகருவி என்கிறாரே என்று சிரிக்க வேண்டாம். தான் சாய்ந்த அளவை எண்ணாக மாற்றித் தருவதே அதன் முதல் வேலை.

வடகரையிலிருந்து பேருந்தில் எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவன் ஒருவனுக்கு டிரோன் ஓட்டக் கற்க ஆசை. பயிற்சியில் சேருமுன் வீட்டிலேயே பழகலாம் என்று, விடுமுறையில் தேங்காய் உரித்துச் சேர்த்த பணத்தில் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கினான். திரையில் ஓடும் விமானம் எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. விற்றவரைக் கேட்டால், "அளவுத் திருத்தம் செய்" என்ற ஒரே பதில். செய்தால் சற்று நேரம் நேராகப் பறக்கும்; பிறகு பழைய கதை. ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில் அவன் சொன்னான்: "கை நிக்க மாட்டேங்கு சார். நமக்கு இது வராது போல." நிறமாலைமானியின் குறுக்குக் கம்பியை நிறமாலைக் கோட்டின்மேல் அவன் கொண்டுவந்து நிறுத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கையில் கோளாறு இல்லை. கருவியின் பிழையைத் தன் பிழையாக எண்ணிப் பிள்ளை ஒதுங்கப் பார்த்தான். இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுவே.

பெரும்பாலான ஜாய்ஸ்டிக்குகளின் அடியில் இரண்டு மாறுதடைகள் இருக்கும். இடவலச் சாய்வுக்கு ஒன்று, முன்பின் சாய்வுக்கு ஒன்று. ரேடியோவில் ஒலியைக் கூட்டக் குறைக்கத் திருகுகிறோமே, அதே உறுப்புத்தான். பிறைபோல் வளைந்த கரிப்பூச்சின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிச் செல்லும். பழைய ரேடியோக் குமிழைத் திருகினால் கரகரவென்று இரைவது பூச்சு தேய்ந்ததால் அல்லது அழுக்கேறியதால். ஜாய்ஸ்டிக்கில் அந்த இரைச்சல் காதில் விழாது. விமானம் துள்ளுவதாகக் கண்ணில் படும்.

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறிக்கு வெளியிட்ட விளையாட்டு இணைப்புப் பலகை, இந்தத் தடையை நேரமாக மாற்றி அளந்தது. மாறுதடை வழியாக ஒரு மின்தேக்கி மின்னேற்றம் பெறும். குறித்த மட்டத்தை எட்ட ஆகும் நேரம், மைக்ரோ வினாடியில், 24.2 + (0.011 × ஓமில் தடை). 100 கிலோ ஓம் மாறுதடை நடுவில் நின்றால் 50,000 ஓம்; போட்டுப் பாருங்கள், 574.2 வரும். அழகான ஏற்பாடு. ஆனால் அந்த நேரத்தை அளக்கப் பல விளையாட்டுகள் கடிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. "முடிந்ததா, முடிந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருந்து, எத்தனை முறை கேட்டோம் என்று எண்ணிக்கொண்டன. வேகமான கணிப்பொறி அதே நேரத்தில் அதிக முறை கேட்கும், எண் மாறிவிடும். ஆகவே விளையாடத் தொடங்குமுன் "கைப்பிடியை நடுவில் விடு, மூலைக்குத் தள்ளு" என்னும் சடங்கு பிறந்தது. அன்று அது நியாயமான சடங்கு.

அதே ஆண்டு இங்கிலாந்தில் வந்த பிபிசி மைக்ரோ கணிப்பொறி வேறு வழியில் சென்றது. நம் நாட்டில் 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தில் வைக்கப்பட்டது இந்தக் கணிப்பொறிதான். அது தடையை அளக்கவில்லை. மாறுதடையின் இரு கோடிகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுத்து, நாக்கு எந்த விகிதத்தில் அதைப் பிரிக்கிறது என்று அளந்தது. தடை முழுவதும் ஒரே அளவில் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. பேசிக் மொழியில் 'அட்வால்' என்ற ஒரு சொல்லைத் தட்டினால் போதும், 0 முதல் 65,520 வரையிலான எண் ஒன்று அப்படியே திரைக்கு வந்துவிடும். ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு வெப்பத்தடையை இணைத்தால் வெந்நீர் ஆறுவதையும் அதே சொல்லால் அளக்கலாம். மாணவன் எண்ணைப் பார்த்தான். இடையில் மறைக்க யாரும் இல்லை.

1996-இல் யுஎஸ்பி இணைப்பு வந்தது. இப்போது கைப்பிடிக்குள்ளேயே ஒரு சில்லு உட்கார்ந்து, விகிதத்தை எண்ணாக்கி அனுப்புகிறது. கணிப்பொறியின் வேகத்துக்கும் எண்ணுக்கும் தொடர்பு அற்றுப்போயிற்று. சடங்கு மட்டும் நிலைத்துவிட்டது. அதற்கு இன்னும் ஒரு நியாயமான வேலை உண்டு: நடுவில் 512 காட்ட வேண்டியது எப்போதும் 530 காட்டினால், 18-ஐக் கழித்துவிடலாம். 'எப்போதும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இயற்பியலில் அளவுத் திருத்தம் என்றால், ஐயத்துக்குரிய கருவியை நம்பகமான ஒன்றோடு ஒப்பிடுவது. இங்கே ஒப்பிட எதுவும் இல்லை. "உன் நடு எது?" என்று கணிப்பொறி கைப்பிடியையே கேட்கிறது, திருடனையே சாட்சிக்கு அழைத்த கதை.

விண்டோஸ் கணிப்பொறியின் 'ரன்' பெட்டியில் ஜாய்.சிபிஎல் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் இதற்கான சன்னல் திறக்கும். முதலில் பழைய திருத்தத்தை அழிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பிறகு அளவுத் திருத்தப் பகுதிக்குச் சென்றால், கட்டத்துக்குள் ஒரு சிறு குறி அசையும். அருகே 'அசல் எண்களைக் காட்டு' என்ற பொருளில் ஒரு சிறு கட்டம், தேர்வு செய்யப்படாமல் இருக்கும். என் குறை இதன்மேல்தான். எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியதை, தேடுகிறவர் மட்டும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டத்தைத் தொட்டுவிட்டு மாணவனும் நானும் உட்கார்ந்தோம். கைப்பிடியை இடக்கோடியிலிருந்து பத்து முறை விட்டான். எண் 470-ஐ ஒட்டி நின்றது. வலக்கோடியிலிருந்து பத்து முறை, 548-ஐ ஒட்டி. இந்தக் கைப்பிடிக்கு ஒரே நடு கிடையாது! திருத்தம் செய்யும் நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து விட்டானோ அது சரியாகிவிடும், மறுபக்கம் 78 தவறும். மரை தேய்ந்த திருகு முன்னும் பின்னும் திருகும்போது இரண்டு அளவு காட்டுமே, அதே நோய். கைப்பிடியை மெல்ல நகர்த்தினால் 505-இலிருந்து 590-க்குத் தாவித் திரும்பியது. அது கரிப்பூச்சின் தேய்மானம். இவற்றில் எதையும் கழித்தல் கணக்கால் போக்க முடியாது.

துண்டுத்தாள்கள் சொல்லும் அடுத்த மருந்து 'செயலற்ற எல்லை'. நடுவைச் சுற்றிப் பத்து விழுக்காடு அசைவைக் கணிப்பொறி பொருட்படுத்தாமல் விட்டுவிடும். சாய்வு நிற்கும், உண்மைதான். ஆனால் டிரோனை அந்தரத்தில் நிறுத்தக் கை செய்யும் நுண்ணிய அசைவெல்லாம் அந்தப் பத்து விழுக்காட்டுக்குள்தான் இருக்கின்றன. பழக வந்தவனிடமிருந்து பழக வேண்டிய பகுதியையே பிடுங்கிக்கொள்கிறோம்.

பூச்சு தேயும் என்பது தயாரிப்பாளர்களுக்குத் தெரியாததன்று. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக்கொண்டு, உரசாமலே காந்தத்தின் நகர்வை அளக்கலாம். 1998-இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கைப்பிடி அப்படித்தான் அளந்தது. ஆயினும் 2017-இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் உரசும் கரிப்பாதைக்கே திரும்பியது. தொடாமலே நகர்கிறது என்ற முறையீடு பெருகி, 2020-இல் நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

மாணவனின் கைப்பிடியைத் திறந்தோம். தண்டின் ஆட்டத்தை மெல்லிய தகடு செருகி அடக்கினோம். (யாரோ முன்பே தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார்கள். விடாதீர்கள், தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.) மாறுதடைக்குத் தென்காசியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பத்துக் கிலோ ஓம் ஒன்று கிடைத்தது. பொருத்தினால், நடுவில் 512-ஐ ஒட்டி நிற்க வேண்டிய எண் 150-ஐக்கூட எட்டவில்லை. ஒலிக்கட்டுப்பாட்டு மாறுதடை காதுக்கு ஏற்றபடி மடக்கை முறையில் கூடுவது. 'ஏ' என்ற எழுத்து பொறித்திருக்கும். நமக்கு வேண்டியது சீராகக் கூடும் 'பி'. இதையும் சன்னல் மகிழ்ச்சியோடு ஏற்று, திருத்தம் முடிந்தது என்றது. இடப்பக்கம் முழுவதும் 150 எண்ணுக்குள் அடங்க, வலப்பக்கம் 870 எண்ணுக்கு மேல் நீண்டு கிடந்ததைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மழைச் சாரலில் நனைந்துகொண்டு போய் 'பி' வாங்கி வந்தான். அவன் நோட்டில் இப்போது இருபது எண்கள் இருக்கின்றன. மிகச் சிறியது 509, மிகப் பெரியது 515. விமானம் இன்னும் அவ்வப்போது சாய்கிறது, இப்போது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. "இது கைதான் சார், பழகுனா போயிரும்" என்கிறான்.