தியாகி ஜோரெஸும் எழுத்தாளர் ஜோரெஸும்

1919 மார்ச் 29 அன்று பாரிஸ் நீதிமன்றம் ரவூல் வில்லேனை விடுதலை செய்தது. 1914 ஜூலை 31 இரவு, மோன்மார்த்ர் தெரு உணவகமொன்றில் ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சு சோஷலிஸ்ட் தலைவர் ழான் ஜோரெஸைச் சுட்டுக் கொன்றவன் அவன். கொலையை அவன் மறுக்கவுமில்லை. ஆனால் முதல் உலகப் போரில் வென்ற களிப்பிலிருந்த நாட்டின் ஜூரிகளுக்கு, போரைத் தடுக்க நின்றவரைக் கொன்றது தண்டிக்க வேண்டிய குற்றமாகப் படவில்லை. போதாக்குறைக்கு வழக்குச் செலவும் ஜோரெஸின் மனைவி தலையில் விழுந்தது. அவர்களுடைய ஒரே மகன் லூயி, முந்தைய ஆண்டுதான் அதே போரில் இறந்திருந்தான்.

ஜோரெஸைப் பற்றி அடுத்த பல ஆண்டுகள் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்தத் தீர்ப்புக்குச் சொன்ன மறுமொழிதான். தியாகி, சமாதானத் தூதர் என்ற பட்டங்கள் ஒட்டிக்கொண்டன. 1920-இல் தூர் மாநாட்டில் சோஷலிஸ்ட் கட்சி உடைந்தபோது பாகப்பிரிவினையும் நடந்தது. அவர் 1905-இல் ஒன்றுசேர்த்த கட்சியின் பெயர் ஒரு தரப்புக்கு. 1904-இல் தொடங்கிய லுமானிதே நாளேடு கம்யூனிஸ்டுகளுக்கு. 1924 நவம்பரில் ஜோரெஸின் உடல் நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டுபோகப்பட்டபோதும் கம்யூனிஸ்டுகள் தனி ஊர்வலமாகத்தான் வந்தார்கள். 1981-இல் பதவியேற்ற அன்றே சோஷலிஸ்ட் ஜனாதிபதி மித்தரான் ஜோரெஸ் கல்லறையில் ரோஜா வைத்தார். 2007 தேர்தலில் வலதுசாரி சார்க்கோசியும் ஜோரெஸ் பெயரை மேடைக்கு மேடை சொன்னார். வாரிசுகளுக்குப் பஞ்சமில்லை.

வரலாற்றாசிரியர்கள் வந்த பிறகுதான் ஆள் கண்ணுக்குத் தெரிந்தார். 1959-இல் ஜோரெஸ் ஆய்வுக் கழகம் உருவானது. மதலேன் ரெபெரியூ தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்குக் கொடுத்தார். 1962-இல் அமெரிக்கரான ஹார்வி கோல்ட்பெர்க் எழுதிய வாழ்க்கை வரலாறு இன்றும் சலிக்காமல் படிக்க முடிகிற நூல். நாயகன்மேல் கொஞ்சம் கூடுதல் பாசம், அவ்வளவுதான். நூற்றாண்டு நினைவையொட்டி 2014-இல் வந்த காந்தார், துக்ளேர் இருவரின் நூலில் பாசம் குறைவு, ஆவணங்கள் அதிகம்.

என்னைக் கேட்டால், ஜோரெஸை அறிய உணவகத்திலிருந்து தொடங்கக் கூடாது. தெற்கே கார்மோ என்ற சுரங்க ஊரிலிருந்து தொடங்க வேண்டும். 1892-இல் அங்கே கால்விஞாக் என்ற சுரங்கத் தொழிலாளி மேயராகத் தேர்வானார். மேயர் வேலைக்காக அவர் கேட்ட விடுப்பைத் தராத கம்பெனி, கடைசியில் அவரை வேலையிலிருந்தே நீக்கியது. ஓட்டுப் போடலாம், ஜெயித்தவன் பதவியில் உட்காரக் கூடாது என்பதுதான் இதன் பொருள். ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்க, ராணுவம் வந்தது. அப்போது ஜோரெஸ் துலூஸில் தத்துவம் கற்பிக்கும் ஆசிரியர், குடியரசுவாதி. அங்கிருந்து தொழிலாளர்களுக்காகப் பத்திரிகையில் எழுதினார். கால்விஞாக் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டார். சுரங்க முதலாளிகளில் ஒருவரான சொலாழ் பிரபு அத்தொகுதியின் உறுப்பினர் பதவியை விட்டு விலக, 1893 ஜனவரியில் ஜோரெஸ் அங்கே வென்று சோஷலிஸ்டாக நாடாளுமன்றம் போனார். தொழிற்சாலை வாசலில் குடியரசு நின்றுவிடக் கூடாது என்று பிற்காலத்தில் அவர் ஓயாமல் வாதிட்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சமாதானத் தூதர் படத்தைக் கலைக்க 1911-இல் வெளியான ‘புதிய ராணுவம்’ என்ற அவருடைய நூலே போதும். படையே வேண்டாம் என்று அதில் அவர் சொல்லவில்லை. குடிமக்கள் எல்லாரும் பயிற்சி பெற்ற தற்காப்புப் படை வேண்டும் என்றார். 1913-இல் கட்டாய ராணுவ சேவையை மூன்றாண்டாக நீட்டிய சட்டத்தை எதிர்த்ததும் இந்த நிலையிலிருந்துதான். பிழைத்திருந்தால் போரை ஆதரித்திருப்பாரா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். பதில் கிடைக்காத கேள்விக்கு இத்தனை காகிதம் வீண்.

பயனுள்ள வேலை வேறெங்கோ நடக்கிறது. அவருடைய எழுத்துகளை ஃபயார் பதிப்பகம் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வருகிறது. வரிசையாகப் படிக்கும்போது சங்கடங்களும் தெரிகின்றன. 1884-இல் காலனியாதிக்கத்தை நாகரிகப் பணியாகப் பேசியவர், பின்னாளில் மொராக்கோவில் பிரான்ஸ் செய்ததைக் கடுமையாகக் கண்டித்தார். இந்த மாற்றம் இன்னும் சரியாக அலசப்படவில்லை. தேசத்துரோகி என்று பொய்யாகக் குற்றம்சாட்டித் தண்டிக்கப்பட்ட யூத ராணுவ அதிகாரி டிரைஃபஸ் விவகாரத்திலும் இதே போன்ற மாற்றம்தான். 1894 டிசம்பரில், அதிகாரி என்பதால் டிரைஃபஸ் மரண தண்டனைக்குத் தப்பினார், சாதாரணச் சிப்பாய் என்றால் சுட்டிருப்பார்கள் என்று நாடாளுமன்றத்தில் பொரிந்தவர் இதே ஜோரெஸ்தான். 1898-இல் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, டிரைஃபஸ் நிரபராதி என்று ‘சான்றுகள்’ என்ற தொடரில் நிறுவியவரும் அவரே. அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் கார்மோவில் அவர் தோற்றிருந்தார். கையில் பதவி இருந்திருந்தால் அத்தனை பொறுமையாக உட்கார்ந்து அதை எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.