ஆரக்கால் உண்டு, வட்டை எங்கே?

மாட்டு வண்டிச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைப் பிணைக்கும் வட்டை. வட்டையில்லாத சக்கரம் உருளுமா?

2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னைப் பெருநகர இரண்டாம் முழுமைத் திட்டத்தை இவ்வுவமை கொண்டு எடைபோடுவோம். 1856-இல் ஆவடி வழியே ஓடத் தொடங்கிய இரயில், பூந்தமல்லி நெடுஞ்சாலை, பூந்தமல்லியைக் கலங்கரை விளக்கத்தோடு இணைக்கும் மெட்ரோத் தடம் ஆகிய மூன்றும் ஆரக்கால்களே. ஆனால் 1960-களில் தொழிற்சாலைகள் எழுந்தபோதே அம்பத்தூரும் ஆவடியும் தாமே குடங்களாகிவிட்டன. பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்குச் செல்பவருக்குச் சென்ட்ரல் எதற்கு?

வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை திட்டத்தின் நற்பயன். அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், சாலை போட்டதும் வட்டை முடிந்தது என்று எண்ணுவது பிழை. அச்சாலை வண்டி வைத்திருப்பவருக்கே முதலில் உதவுகிறது. நெரிசல் நேரத்தில் புதிய நகர விரைவுச் சாலையும் விரைவில் நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் அந்தோணி டவுன்ஸ் 1962-லேயே விளக்கினார்.

எனவே, மணிக்கு எத்தனை வண்டிகள் கடந்தன என்று எண்ணாதீர்கள். எத்தனை மனிதர்கள் கடந்தனர் என்று எண்ணுங்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் மூன்றையும் இணைத்து, இரயில் நேரத்தோடு பொருந்தி, அடிக்கடி ஓடும் குறுக்குப் பேருந்துகளே உண்மையான வட்டை. ஒரு பேருந்தில் செல்லும் ஐம்பது பேரும் தனித்தனி இருசக்கர வண்டியில் ஏறினால் எவ்வளவு இடம் தேவை? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.