ஆஞ்சியோ யாருக்கு, எப்போது?

சுவாமிமலைக் கோயிலின் 60 படிகளை ஏறும்போது நெஞ்சை அடைத்து, நின்றால் விட்டுவிடும் வலி ஒன்று. சும்மா உட்கார்ந்திருக்கையில் வந்து, வியர்த்துக் கொட்டி, விடாமல் நீடிக்கும் வலி வேறொன்று. இரண்டுக்கும் நம் பக்கத்தில் ஒரே பேச்சுதான்: "ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சிடுங்க." மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தி அடைப்பைத் திறக்கும் இந்தச் சிகிச்சையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதனால்தான் இந்தக் குழப்பம் கவலை தருகிறது.

இரண்டாவது வலி மாரடைப்பு. அங்கே ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுவாமிமலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். இந்தத் தொலைவுப் பிரச்சினைக்குத் தமிழ்நாட்டிலேயே விடை தேடினார்கள். டாக்டர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி உள்ளிட்டோர் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்தார்கள்: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகிலேயே போட்டுவிட்டு, பிறகு ஆஞ்சியோகிராமுக்கு அனுப்புவது. 2,420 நோயாளிகளைப் பின்தொடர்ந்த அந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். ஆனால் மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த இறப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. இது முன்-பின் ஒப்பீடு என்பதால், முன்னேற்றம் முழுவதையும் இந்த ஏற்பாட்டின் கணக்கில் எழுதவும் முடியாது. இருந்தும் காவிரி டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைப்பதும் இதே திசையில் ஓர் அடி.

படியேறும்போது மட்டும் வரும் வலியில் கதை மாறுகிறது. 5,179 பேரிடம் நடந்து 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், மாத்திரையோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்ததால் இறப்பு குறையவில்லை. (இடது பிரதானக் குழாயில் அடைப்புள்ளவர்களும் இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அதில் இல்லை.) ஸ்டென்டால் வலி குறையும் என்பதை 2023இன் ஆர்பிட்டா-2 ஆய்வு உறுதி செய்தது. வலி தீர ஸ்டென்ட் கேட்பது நியாயம். "வைக்காவிட்டால் உயிர் போய்விடும்" என்று இவர்களைப் பயமுறுத்துவது நியாயமில்லை. 2017இல் மருந்து பூசிய ஸ்டென்டின் விலையை 29,600 ரூபாய்க்குள் அரசு கட்டுப்படுத்தியது நல்ல காரியம். ஆனால், தேவையில்லாத ஸ்டென்ட் மலிவாகக் கிடைத்து என்ன பயன்?

இதயத்தைப்போலவே அடைபடும் கால் ரத்தக்குழாயைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வயல் வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஆறாத புண் வந்தால் அடைப்பைப் பலூனால் விரிப்பதா, பைபாஸா? ஒட்டுப்போட நல்ல சிரை கிடைத்தால் பைபாஸே மேல் என்றது 2022இன் பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு. முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்புக்கு முதலில் பலூனே மேல் என்றது அடுத்த ஆண்டு வந்த பேசில்-2 ஆய்வு. எதுவானாலும், கால்விரலை வெட்டி எடுக்கும் முன் காலில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை போதும் என்று நினைத்துவிடக் கூடாது. சர்க்கரை நோயால் குழாய் சுண்ணாம்பேறிக் கெட்டித்திருந்தால் அந்த எண் நன்றாக இருப்பதுபோலவே காட்டும். அப்போது கால்விரலிலேயே அழுத்தம் பார்க்க வேண்டும்.