திம்ஸால்: சிலையா, உருவமா?

அல்குர்ஆன் தமிழாக்கங்களில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய சொற்களுள் ‘திம்ஸால்’ ஒன்று. அதன் பன்மையான ‘தமாஸீல்’ திருமறையில் இரண்டு இடங்களில் வருகிறது. இப்ராஹீம் (அலை) தம் சமூகத்தாரின் வழிபாட்டைக் கேள்விக்குள்ளாக்கும் இடம் ஒன்று (21:52). சுலைமான் (அலை) அவர்களுக்காக ஜின்கள் செய்தவற்றைக் கூறும் இடம் மற்றொன்று (34:13). பின்னதில் அச்சொல் உண்கலங்களோடும் கொப்பரைகளோடும் சேர்ந்து நிற்கிறது. ஈரிடத்தும் ‘சிலை’ என்றே பெயர்ப்பது தகுமா?

‘திம்ஸால்’ ஒப்புமையைக் குறிக்கும் வேரில் பிறந்தது. எடுத்துக்காட்டைச் சுட்டும் ‘மிஸால்’ அதன் உடன்பிறப்பு. ‘சிலை’யோ கல்லைக் குறித்த வடசொல். இன்று அது கோயிலையோ நாற்சந்தித் தலைவரையோதான் நினைவூட்டுகிறது.

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் பொம்மை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். களிக்குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவர், அச்சு நீரை உறிஞ்ச, சுவரோரம் படலம் இறுகும், எஞ்சியதை வடித்துவிடுவர். சூளையிலிருந்து வெளிவரும் பொம்மை கல்லுமன்று, உள்ளே திண்மமுமன்று. அதைச் சிலை என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் நீளம், அகலம், உயரம் மூன்றும் அதற்கு உண்டு.

இத்தகைய பொருளைச் சுட்ட அரபுக் கணிதம் ‘ஜிஸ்ம்’ எனும் உடலிலிருந்து ‘முஜஸ்ஸம்’ என்ற சொல்லைப் பெற்றது. ஃபிக்ஹ் அறிஞர்களோ, குறிப்பாக மாலிக்கி மத்ஹபினர், ‘நிழலுடைய உருவம்’, ‘நிழலற்ற உருவம்’ எனப் பிரித்தனர். கல்லா மண்ணா, திண்மமா உள்ளீடற்றதா என்று அவ்வளவுகோல் வினவுவதில்லை. ஒளியில் நிழல் விழுந்தால் போதும். முப்பரிமாணத்திற்கு இதனினும் எளிய இலக்கணம் அரிது.

குழந்தைகளின் பொம்மைக்கு அறிஞர் பலர் விலக்களித்தனர். ஆயிஷா (ரலி) அவர்கள் விளையாடிய பொம்மைகளை ஸஹீஹுல் புகாரி ‘பனாத்’, அதாவது பெண்மக்கள், என்கிறது. நம் ‘பாவை’யும் பொம்மையையும் பெண்ணையும் ஒருங்கே குறிப்பது எண்ணத்தக்கது.

‘சிலை’ என்று பெயர்த்தால், நபியொருவர் வழிபாட்டுக்குரியவற்றைச் செய்வித்தாரோ என வாசகர் திகைப்பர். உயிரற்றவற்றின் வடிவங்கள் அவை என்றும், அன்றைய ஷரீஅத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தன என்றும் விரிவுரையாளர்கள் தந்த விளக்கங்களை அடிக்குறிப்பில் தேட நேரும். ஈரிடத்தும் ‘உருவங்கள்’ என்பதே நமக்குப் பொருத்தமாகப்படுகிறது. 21:52இல் கண்டனத்தைத் தாங்குவது பெயர்ச்சொல் அன்று. அவற்றையே பற்றி நிற்றலைச் சொல்லும் சொல். தீர்ப்பை வசனம் வழங்கட்டும். மொழிபெயர்ப்பு முந்திக்கொள்ள வேண்டியதில்லை.