ஆற்றுப்படுத்தும் மாத்திரைகள்: விக்டோரியா கால மருந்து விளம்பரச் சான்றுரைகள்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் அளவிறந்து அச்சேறிய உரைநடை வகைகளுள் மருந்து விளம்பரமும் ஒன்று. நரம்புத் தளர்ச்சி, உடல் மெலிவு, உறக்கமின்மை, ஊக்கக் குறைவு ஆகியவற்றைத் தீர்ப்பதாகக் கூறி விற்கப்பட்ட மாத்திரைகளும் திரவ மருந்துகளும் நாளிதழ்ப் பக்கங்களையும் சுவர்களையும் நிறைத்தன. இவ்விளம்பரங்களை ஏமாற்று என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், இலட்சக்கணக்கானோர் அவற்றை ஏன் நம்பினர் என்னும் வினா அதனால் விடை பெறுவதில்லை. விளம்பரச் சான்றுரையின் வடிவத்தைத் தமிழின் ஆற்றுப்படை மரபோடு ஒப்பிட்டும், 1909-இல் வெளிவந்த இரு ஆங்கில நூல்களை அதற்கு எதிரே நிறுத்தியும் அவ்விடையைக் காண இக்கட்டுரை முயல்கிறது.

மறைபொருளும் முத்திரையும்

'பேட்டண்ட் மருந்து' என்னும் வழக்கே பொருந்தாப் பெயராகும். காப்புரிமை பெற விரும்புவோர் தம் செய்முறையை வெளிப்படுத்தியாக வேண்டும். மருந்து வணிகர் பெரும்பாலோர் அதனை விரும்பவில்லை. பெயரைத் தமதாக்கிக்கொண்டு சேர்மானத்தை மறைத்தனர். 1783-இல் இம்மருந்துகள்மீது முத்திரை வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டப்பட்ட அரசு முத்திரையை மருந்தின் தரத்திற்கு அரசு தந்த உறுதியாகவே மக்கள் கருதினர். இவ்வரி 1941-இல்தான் நீக்கப்பட்டது. சேர்மானத்தை வெளியிட வேண்டும் என்னும் கட்டாயமும் அவ்வாண்டுச் சட்டத்தின் வழியே வந்தது.

விளம்பர வரி 1853-இலும், செய்தித்தாள் முத்திரை வரி 1855-இலும், காகித வரி 1861-இலும் நீங்கின. இதழ்கள் மலிந்தன, 1870-இன் தொடக்கக் கல்விச் சட்டத்திற்குப் பின் படிப்போரும் பெருகினர். மருத்துவருக்குக் கட்டணம் தர இயலாத தையற்பெண்ணும் எழுத்தரும் ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு ஒரு பெட்டி மாத்திரையை வாங்க முடிந்தது.

இவ்வணிகத்தின் பெருக்கத்திற்குத் தாமஸ் ஹாலோவே (1800-1883) தக்க சான்று. களிம்பும் மாத்திரையும் விற்று ஈட்டிய செல்வத்தால் அவர் இரு பெரும் நிறுவனங்களை நிறுவினார். ஒன்று, 1886-இல் விக்டோரியா அரசியார் திறந்துவைத்த மகளிர் கல்லூரி; மற்றொன்று, 1885-இல் வர்ஜீனியா வாட்டரில் திறக்கப்பட்ட மனநோயாளர் இல்லம். தளர்ச்சி உள்ளிட்ட எண்ணற்ற குறைகளுக்கு மாத்திரை விற்றவரே, மாத்திரையால் தீராத உளநோய்க்கு இல்லமும் எழுப்பினார் என்பது எண்ணத்தக்கது.

இச்சந்தையை எழுத்தாளர்கள் தொடக்கத்திலேயே கவனித்தனர். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று ஜேம்ஸ் மாரிசன் விற்ற மாத்திரையை, சமுதாயக் கேடுகள் அனைத்துக்கும் ஒரே தீர்வு தேடும் பேதைமைக்கு உருவகமாக்கினார் தாமஸ் கார்லைல். 1843-இல் வெளிவந்த 'பாஸ்ட் அண்ட் பிரசென்ட்' நூலில் ஓர் இயலுக்கு அம்மாத்திரையின் பெயரையே அவர் சூட்டினார்.

சான்றுரையும் ஆற்றுப்படையும்

விளம்பரங்களின் சொல்லாட்சி செவிக்கு இனிமை தருவது. 1890-களில் பரவிய டாக்டர் வில்லியம்ஸ் மருந்தின் முழுப்பெயர் 'பிங்க் பில்ஸ் ஃபார் பேல் பீப்பிள்' என்று மோனைபட அமைந்தது. வெளிறியோர்க்கு இளஞ்சிவப்பு மாத்திரை என்னும் நிறமுரணும் அதில் அடங்கியுள்ளது. எனினும் இவ்விளம்பரங்களின் உயிர்நிலை பெயரில் இல்லை; நலம்பெற்றோர் எழுதியனவாக வெளியிடப்பட்ட சான்றுரைகளில் உள்ளது.

சான்றுரையின் அமைப்பு பெரிதும் மாறாதது. முதலில் எழுதுபவரின் பெயரும் ஊரும் தொழிலும் வரும். அடுத்து, பசியின்மை, படபடப்பு, மாடிப்படி ஏற இயலாமை எனத் துன்பம் விரியும். மருத்துவர் கைவிட்ட செய்தி அதனைத் தொடரும். பின்னர், அண்டை வீட்டார் ஒருவரோ கையில் கிடைத்த துண்டறிக்கையோ மருந்தைச் சுட்டும். சில பெட்டிகளில் நலம் திரும்பும். இறுதியில், தம்மைப் போல் வருந்துவோர் அனைவரையும் அம்மருந்தை நாடுமாறு எழுதியவர் அழைப்பார்.

தமிழ் மாணவர்க்கு இவ்வமைப்பு புதியதன்று. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனிடம் தான் பெற்ற வளத்தைக் கூறி வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர்க்குரியதாகத் தொல்காப்பியப் புறத்திணையியல் இதனைக் குறிக்கிறது. பொருநராற்றுப்படையில் ஈரும் பேனும் பற்றிய கிழிந்த உடை நீங்கி, பாம்புரி போன்ற நுண்ணிய ஆடை கிடைத்ததைப் பொருநன் நினைவுகூர்கிறான். முன்னிலை, பின்னிலை என இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டும் இவ்வுத்தியே சான்றுரையின் அடிப்படையும் ஆகும். இரு வகைகளும் நம்பத்தகுந்தனவாக அமைவதற்குக் காரணம் ஒன்றே: பேசுபவர் உயர்ந்த இடத்திலிருந்து அறிவுறுத்துபவர் அல்லர், கேட்பவரின் துன்பத்தைத் தாமும் பட்டவர்.

ஒற்றுமை இத்துணை நெருக்கமாக இருப்பதால் வேற்றுமைகளும் தெளிவாகப் புலப்படுகின்றன. ஆற்றுப்படையில் வள்ளல் கொடுப்பவன். சான்றுரையில் மருந்து விலைக்குரியது. ஆற்றுப்படுத்தும் பாணனுக்கு இரவலன் போட்டியாளனாகக் கூடும். ஆயினும் அவன் வழி காட்டுகிறான். சான்றுரையில் வழிகாட்டியின் சொல்லைத் தெரிவு செய்பவரும் திருத்துபவரும் அச்சிடுபவரும் பொருளை விற்பவரே. இவற்றினும் முதன்மையானது மூன்றாவது வேற்றுமை. ஆற்றுப்படையில் வறுமை வறுமையென்றே கூறப்படுகிறது. சான்றுரையிலோ நீண்ட நேர உழைப்பும் போதாத உணவும் காற்றோட்டமற்ற அறையும் துன்பத்தின் பின்னணியாக மட்டும் நின்று, 'குருதிக் குறைவு', 'நரம்புத் தளர்ச்சி' என்னும் உடற்குறைகளாக உருமாறுகின்றன. வாழ்நிலையின் கேடு உடலின் கேடாகப் பெயர் பெற்ற பின்னரே மாத்திரைக்கு அங்கு இடம் உண்டாகிறது. நரம்பாற்றல் வற்றிப்போதலை 1869-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 'நியூரஸ்தீனியா' என்று பெயரிட்டு விளக்கினார். அவ்விளக்கத்தால் இத்தகைய பெயர்மாற்றத்திற்கு மருத்துவ மதிப்பும் கிடைத்தது.

வேதியியலின் விடை

பிரித்தானிய மருத்துவச் சங்கம் 1909-இல் 'சீக்ரெட் ரெமடீஸ்' என்னும் நூலை வெளியிட்டது. மறைமருந்துகளைப் பகுத்தாய்ந்து, சேர்மானத்தையும் அதன் அடக்க விலையையும் நூல் பட்டியலிட்டது. பித்தக் கோளாறுக்கும் நரம்புக் கோளாறுக்கும் உரியதெனவும் பெட்டி ஒன்று ஒரு கினி பெறுமெனவும் விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையில் காணப்பட்டவை கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு ஆகியவையே. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற 56 மாத்திரைகளின் மூலப்பொருள் விலை ஏறத்தாழ அரை ஃபார்த்திங். அதாவது விற்பனை விலையில் 108-இல் ஒரு பங்கு. பல செய்தித்தாள்கள் இந்நூலின் விளம்பரத்தை ஏற்க மறுத்தன. தம் வருவாய்க்கு மருந்து விளம்பரத்தை அவை எந்த அளவு நம்பியிருந்தன என்பதற்கு இம்மறுப்பே சான்று.

இந்நூலின் தொண்டு பெரிது. அதன் எல்லையும் உணரத்தக்கது. இளஞ்சிவப்பு மாத்திரையில் இரும்புச் சல்பேட்டு இருந்தது. குருதிச் சோகைக்கு மருத்துவர்களும் இரும்புச் சத்தையே அக்காலத்தில் அளித்துவந்தனர். ஆகவே, வெளிறிய இளம்பெண் ஒருத்தி நலம்பெற்றதாக எழுதியது உண்மையாகவும் இருக்கலாம். அதே மாத்திரை பக்கவாதத்தையும் தீர்க்கும் என்றதே ஏமாற்று. பொருளின் உட்கூற்றைக் காட்டிய வேதியியல், வாங்கியவரின் உள்ளத்தைக் காட்டவில்லை. அறியாமை ஒன்றே காரணம் என்று அது அமைந்துவிட்டது.

புதினத்தின் விடை

எச். ஜி. வெல்ஸின் 'டோனோ-பங்கே' புதினமும் 1909-இல்தான் நூலாக வெளிவந்தது. இளமையில் ஒரு மருந்துக் கடையில் சில காலம் பயிற்சி பெற்றவர் வெல்ஸ். சிற்றூர் மருந்துக் கடைக்காரர் எட்வர்டு பாண்டரெவோ, டோனோ-பங்கே என்னும் ஊக்க மருந்தால் பெருஞ்செல்வராகி வீழ்ச்சியுறுவதை அவருடைய அண்ணன் மகன் ஜார்ஜ் எடுத்துரைக்கிறான். அது பயனற்றது, சிறிது தீங்கும் பயப்பது என்பதை அறிந்தே ஜார்ஜ் அத்தொழிலில் இணைகிறான். மணம் புரிந்துகொள்ள அவனுக்குப் பொருள் தேவைப்படுகிறது. குற்றத்தில் பங்குகொண்டவனையே கதைசொல்லியாக்கியது வெல்ஸின் சிறந்த தேர்வு எனலாம். வெளியே நின்று பழிக்கும் வசதியை அது படிப்பவர்க்குத் தருவதில்லை.

ஜார்ஜின் நண்பனான சிற்பி யூவர்ட், விளம்பரக்காரனைக் கவிஞனுக்கு இணையாக்கிப் பேசுகிறான். ஒருமுறையேனும் முழு உயிர்ப்போடு வாழவேண்டும் என்னும் பசியையே மக்கள் புட்டியில் வாங்குகின்றனர் என்பது அவன் கூற்றின் சாரம். 'சீக்ரெட் ரெமடீஸ்' தொடாத இடத்தை இக்கூற்று தொடுகிறது. மருந்து வணிகத்தின் வெறுமையைப் பேரரசின் வெறுமைக்கு அடையாளமாகவும் புதினம் விரிக்கிறது. எட்வர்டு கட்டத் தொடங்கி முடிவுறாது நிற்கும் கிரெஸ்ட் ஹில் மாளிகை அவ்வடையாளத்தின் உச்சம்.

ஆயின், புதினத்திலும் ஒரு வெற்றிடம் உண்டு. உருவாக்கியவர், விற்றவர், எள்ளி நகையாடியவர் அனைவரும் அதில் பேசுகின்றனர். அம்மருந்தை உண்டு நலம் தேடியவர் எவரும் தனி மாந்தராக உருப்பெறவில்லை. அவர்தம் பசியைப் பற்றிப் பேசுபவனும் அவர்களுள் ஒருவன் அல்லன், கலைஞன் ஒருவனே. வேதியியல் நூலுக்கு ஏமாந்தவராகவும், புதினத்திற்குக் குறியீடாகவும் மட்டுமே நோயாளர் அமைகின்றனர். எவ்வளவு பொய் கலந்ததாயினும், நோயாளரைப் பெயரிட்டு அழைத்து அவர் துன்பத்தை அவர் வாய்மொழியாகவே வெளியிட்ட எழுத்துவகை சான்றுரைதான். அதன் வெற்றிக்கு விடை இங்கே கிடைக்கிறது.

முடிவுரை

1911-இன் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தால் கூலித் தொழிலாளர்க்கு மருத்துவ உதவி கிட்டியது. அவர்தம் மனைவியர்க்கு அது கிட்டவில்லை. 1915-இல் மகளிர் கூட்டுறவுச் சங்கத்தின் சார்பில் மார்கரெட் லுவெலின் டேவிஸ் தொகுத்த 'மெட்டர்னிட்டி' என்னும் நூல், உழைக்கும் பெண்கள் எழுதிய 160 கடிதங்களைக் கொண்டது. சான்றுரையில் பேசப்பட்ட அதே தளர்ச்சியும் சோர்வும் இக்கடிதங்களிலும் பேசப்படுகின்றன. ஆனால், இங்கு எழுதியவரின் பெயர் இல்லை. அதற்கு மாறாக, கணவரின் கூலியும் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கையும் இழந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பட்டுள்ளன. விளம்பரம் உடலுக்குள் மறைத்துவைத்த காரணங்களை இக்கடிதங்கள் மீண்டும் வெளியே எடுத்து வைத்தன. இவை எந்த மாத்திரைக்கும் வழிகாட்டவில்லை. பேறுகால உதவியையும் ஓய்வையும் உரிமையாகக் கோரின.

பழைய இதழ்களின் மருந்து விளம்பரங்களை ஆராய முற்படுவோர்க்கு இதிலிருந்து ஒரு நெறி கிடைக்கிறது. பொய்யை வெளிப்படுத்துவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. அப்பொய் யாருடைய மெய்யான துன்பத்தின்மீது எழுப்பப்பட்டது என்பதையும், அத்துன்பம் வேறெந்த எழுத்தில் தன் சொந்தக் குரலில் பேசியது என்பதையும் தேடிக் காண்பதே அதன் கடன்.